கள ஆய்வில் அறிமுகம்: ஊருக்குள் போய் நம்மை யாரென்று சொல்வது?

#1 பாடவேளை

எங்கள் துறையின் முனைவர் பட்ட மாணவர்கள் நான்கு பேர் சம்பா அறுவடை முடிந்ததும் கீழத்தஞ்சைப் பக்கம் களத்துக்குப் போகிறார்கள். ஊருக்கு ஒருவர், ஆறு மாதம் தங்கல். விவசாயக் கூலி வேலைக்குப் போகும் பெண்களின் கடனும் அன்றாடச் செலவும்தான் தலைப்பு. கேள்விகளை அமைப்பது, பேச்சை எழுத்தாக்குவது, குறியிடுவது என்று ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்துகிறோம். முதல் நாள் ஊர் முனையில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. "உண்மையைச் சொல்லு, பணிவா இரு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது போதவில்லை.

இப்போதுள்ள அறிமுகத் தாளின் தொடக்கம் இது:

"நான் … பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர். விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கடன் நிலை குறித்து ஆய்வு மேற்கொண்டு வருகிறேன். தங்களை நேர்காணல் செய்ய அனுமதி கோருகிறேன். தாங்கள் அளிக்கும் தகவல்கள் கொள்கை உருவாக்கத்துக்கு உதவும்."

இதை எங்கே மாற்றுவது, மாற்றாவிட்டால் களத்தில் என்ன ஆகும்? சொந்த அனுபவக் கதைகள் வேண்டாம். மாணவர் கையில் அப்படியே கொடுக்கக்கூடிய விவரமாக எழுதுங்கள்.

#2 வண்டல்

முதல் சொல்லிலேயே கோளாறு இருக்கிறது. நமக்கு 'ஆய்வாளர்' என்றால் ஆராய்ச்சி செய்பவர். ஊரில் அது இன்ஸ்பெக்டர். காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், மோட்டார் வாகன ஆய்வாளர் என்றுதான் அந்தச் சொல் மக்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. 'ஆய்வு' என்றால் ஆட்சியர் திடீரென்று வந்து பார்ப்பது. நான்கு வரித் தாளில் இந்தச் சொற்கள் இரண்டு முறை வருகின்றன. கேட்பவர் அப்போதே வீட்டைக் காட்டவும் மறைக்கவும் தயாராகிவிடுவார்.

மாற்றுச் சொற்களிலும் கண்ணிகள் உண்டு. 'கணக்கெடுப்பு', 'சர்வே' என்றால் ஏதோ திட்டத்தில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ வந்தவர். 'விசாரிக்க வந்தேன்' என்றால் போலீஸ். 'பேட்டி' என்றால் டிவி. 'நேர்காணல்' வேலைக்குப் போகும் பிள்ளைகள் கலந்துகொள்வது. 'ப்ராஜெக்ட்' என்றால் தொண்டு நிறுவனம், பின்னாலேயே பணம் வரும். 'டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன்' என்று சொன்னால் பிரஷர் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவர்கள் மீது தவறில்லை, நாம் சொன்னது அப்படி.

கைகொடுக்கும் இரண்டு வினைகள் 'படிக்கிறேன்', 'எழுதுறேன்'. எந்தத் தெருவிலும் இன்று கல்லூரி போகும் பிள்ளை ஒன்றாவது இருக்கிறது. படிப்புக்காக எதையாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது புரியாத சங்கதி இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அம்மா, நான் யுனிவர்சிட்டியில படிக்கிறேன். வயல் வேலைக்குப் போற பொம்பளைங்க எங்கெங்க கடன் வாங்குறாங்க, எப்படிக் கட்டுறாங்க, அதுல குடும்பம் எப்படி ஓடுதுன்னு கேட்டு எழுதுறதுதான் என் படிப்பு. கவர்மென்ட்லேருந்து வரல, பேங்க்லேருந்தோ குழு லோன்லேருந்தோ வரல. கட்சியிலேருந்தும் வரல."

நாம் யார் இல்லை என்பது, நாம் யார் என்பதற்குச் சமமான முக்கியம். முதல் அரை நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்துச் சொன்னால், அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருப்பவர் அதை மழுப்பலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

'கொள்கை உருவாக்கத்துக்கு உதவும்' என்ற வரியில் 'உதவும்' மட்டும்தான் காதில் விழும். எடுத்துவிடுங்கள்.

#3 தாளடி

வண்டல் சொன்ன சொற்களெல்லாம் சரி. ஆனால் வாயைத் திறக்கும் முன்பே ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, கையில் டேப்லெட், தலையில் ஹெல்மெட். இது அச்சாக லோன் வசூலுக்கு வருபவரின் தோற்றம். தலைப்பும் கடன் பற்றியது என்பதால் இந்தக் குழப்பம் உங்கள் தரவையே கெடுத்துவிடும்.

காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்குத்தான் நுண்கடன் (ஈடு இல்லாமல் கொடுக்கும் சிறு கடன்). மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதனால் கடன் கொடுப்பவர் "குடும்ப வருமானம் எவ்வளவு, வேற எங்க கடன் இருக்கு" என்று கேட்கிறார். உங்கள் மாணவரும் அதே இரண்டு கேள்வியைத்தான் கேட்கப்போகிறார். அதே தோற்றத்தோடு போய் நின்றால் அதே பதில்தான் வரும்: வருமானம் கொஞ்சம் கூடும், மற்ற கடன்கள் காணாமல் போகும்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் அப்படித்தான். 2023 செப்டம்பரில் தொடங்கியபோது வைத்த தகுதி: ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். நிலம் எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டாலே மாதாமாதம் வரும் அந்தத் தொகை போய்விடுமோ என்ற பயம் வரும். இந்தக் கேள்விகளை முதல் இரண்டு சந்திப்புகளில் கேட்கவே கூடாது.

ஆகவே: அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் காட்டலாம். டேப்லெட் அறையிலேயே இருக்கட்டும். கையில் சாதாரணக் கோடு போட்ட நோட்டு. பேருந்தில் வந்து இறங்கி நடந்து வருவது நல்லது. எந்த நிறுத்தத்தில் இறங்கினார், எந்தக் கடையில் டீ குடித்தார் என்று பத்துப் பேர் பார்ப்பார்கள், வந்த வழி தெரிந்த ஆளாகிவிடுவார். உடை சுத்தமாக, சாதாரணமாக இருக்கட்டும். ஏழைகளைப் பார்க்கப் போகிறோம் என்று வேண்டுமென்றே கசங்கலாகப் போவது அவர்களை அவமதிப்பது. அவர்கள் வெளியூர் கிளம்பினால் இருப்பதில் நல்லதைத்தான் உடுத்திக்கொள்வார்கள். கரை வேட்டி, கட்சி நிறத் துண்டு, கையில் வண்ணக் கயிறு எதுவும் வேண்டாம். கயிற்றின் நிறத்துக்குச் சாதி அர்த்தம் கொடுக்கும் வழக்கம் தென் மாவட்டங்களில் அதிகம், மற்ற இடங்களிலும் கண் அங்கேதான் போகும்.

குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கவே கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊர் அடித்தது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மா இறந்துபோனார். அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. அறிமுகமாகாத தெருவில் குழந்தைகளைப் படம் எடுப்பதும் இதே ஆபத்துதான்.

#4 நெறிக்குழு

ஒப்புதல் படிவம் பற்றி. கையெழுத்து என்றால் பத்திரம், கடன், ஜாமீன். கைநாட்டு என்றால் அதைவிட பயம். மூன்று பக்கப் படிவத்தைக் கையில் கொடுத்து "இங்க ஒரு கையெழுத்து" என்று கேட்கும் இடத்தில், அதுவரை உண்டான நம்பிக்கை உடைந்துவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சமூக அறிவியல் ஆய்வுகளைப் பற்றியும் பேசுகின்றன. எழுத்தில் வாங்க முடியாத சூழலில் வாய்மொழி ஒப்புதலுக்கு அவற்றில் இடம் உண்டு. ஆனால் களத்துக்குப் போன பிறகு மாணவரே முடிவு செய்துகொள்ள முடியாது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே "வாய்மொழி ஒப்புதல், இந்தக் காரணத்துக்காக, இந்த முறையில் பதிவாகும்" என்று எழுதி அனுமதி வாங்கிவிட வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்போகும் வாசகத்தையும் பேச்சுத்தமிழிலேயே இணைத்து அனுப்புங்கள். எழுத்துத்தமிழ்த் தாளைக் குழுவுக்குக் காட்டிவிட்டு, களத்தில் ஆளாளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதால்தான் நான்கு மாணவர்கள் நான்கு விதமான ஆய்வை அறிமுகப்படுத்துகிறார்கள்.

தாள் ஒரே பக்கம், எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல். பல்கலைக்கழகத்தின் பெயர், வழிகாட்டியின் பெயர், துறை அலுவலகத் தொலைபேசி எண். மாணவரின் சொந்த எண் மட்டும் இருந்தால், அவர் மேல் குறை சொல்ல வேண்டியவர் யாரிடம் போவார்? ஒப்புதல் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டில் படித்த பிள்ளை மாலையில் வந்து படித்துச் சொல்லும். பலருக்கு உண்மையான ஒப்புதல் அங்கேதான் முடிவாகிறது. முதல் சந்திப்பில் தாள், இரண்டாவதில் ஒப்புதல் என்று ஒரு நாளாவது இடைவெளி விடச் சொல்வது அதனால்தான்.

ஆதார் எண், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எதையும் கேட்கவோ படம் எடுக்கவோ கூடாது. அவர்களாகக் காட்டினாலும்.

#5 ஒலிப்பதிவு

ரெக்கார்டரை மேலே வைத்துத்தான் அனுமதி கேட்க வேண்டும். சட்டைப்பையில் ஓடவிட்டுவிட்டுப் பிறகு "ரெக்கார்ட் பண்ணிக்கலாமா" என்று கேட்பது ஏமாற்று. இன்னொன்று, நிறுத்துவது எப்படி என்று அவர்களுக்கே செய்து காட்டுங்கள். "இந்தச் சிவப்பை அமுக்கினா நின்னுடும், எப்ப வேணும்னாலும் நீங்களே அமுக்கலாம்." 'விலகும் உரிமை' பற்றி ஒரு பத்தி படிப்பதைவிட இது தெளிவாகப் புரியும். வட்டிக்காரர் பெயர் வரும் இடத்தில் பலர் கை தானாக அங்கே போகும்.

ட்ரூகாலரையும் பாருங்கள். மாணவரின் எண் மற்றவர் போனில் எப்படித் தெரிகிறது என்று களத்துக்குப் போகும் முன்பே இன்னொரு போனிலிருந்து சோதியுங்கள். வாட்ஸ்அப் முகப்புப் படம், ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக் பக்கம் எல்லாமே அறிமுகத்தில் சேர்த்தி. ஊரில் இளைஞர்கள் முதல் நாள் இரவே தேடிவிடுவார்கள். பழைய பதிவுகளை அவசரமாக அழிப்பதைவிட, கேட்டால் "ஆமா, அது நான்தான்" என்று சொல்லத் தயாராக இருப்பது மேல்.

#6 பாடவேளை

மிகவும் உபயோகம். மாணவர்கள் அதிகம் பயப்படுவது ஒரு கேள்விக்கு: "நீங்க என்ன ஆளுங்க?" நேராகக் கேட்டால் என்ன சொல்வது, சுற்றிவளைத்துக் கேட்டால் என்ன சொல்வது? இதோடு இன்னொன்றும்: யாரை முதலில் பார்ப்பது, எங்கே தங்குவது?

#7 கிழக்குத்தெரு

இரண்டும் ஒரே கேள்விதான். எங்கே தங்குகிறீர்கள் என்பதே ஊருக்கு உங்கள் சாதியைச் சொல்லிவிடும், நீங்கள் வாயே திறக்காவிட்டாலும்.

சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஊர்த் தலைவரின் இடத்தில் தங்கினார். 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அக்கிரகாரத்தில் வீடு பிடித்தார். பிறப்பால் பிராமணர் அல்லாதவர், ஆனாலும் ஊர் அவரை அந்தத் தெருவோடு சேர்த்தே பார்த்தது. ஆதிதிராவிடர் தெருவுக்குப் போவதும் அங்கே இயல்பாகப் பேசுவதும் அதனால் சிக்கலானதை அவரே எழுதியிருக்கிறார். இருவரும் மறைக்காமல் எழுதியதால்தான் இன்று அதிலிருந்து படிக்க முடிகிறது. கூலிப் பெண்களின் கடனை எழுதப் போகும் மாணவர் மிராசுதார் வீட்டு மாடியில் தங்கினால், வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டிலிருந்து கொண்டு வட்டி கட்டுபவரிடம் பேசுகிறார் என்று அர்த்தம். பக்கத்து டவுனில் அறை எடுத்துத் தினமும் பேருந்தில் வருவது இந்தத் தலைப்புக்குப் பொருந்தும். மாலைப் பேச்சை இழப்பீர்கள், அது இழப்புதான்; வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பேருந்து வரை இருந்து ஈடுகட்டலாம்.

சந்திக்கும் வரிசை. ஊராட்சித் தலைவரைப் பார்க்க வேண்டும், தவிர்க்க முடியாது. ஆனால் அதே நாளில், முடிந்தால் அதே மதியத்துக்குள், காலனித் தெருவின் நாட்டாண்மையையும் பார்த்துவிடுங்கள். டெல்டாவில் பல ஊர்களில் அந்தத் தெருவுக்குத் தனி நாட்டாண்மை உண்டு. முதல் வாரம் ஊர்த்தெரு, அடுத்த வாரம் காலனி என்று வைத்தால் "அங்க கேட்டுட்டு இங்க வந்திருக்காங்க" என்பது நிலைத்துவிடும். தலைவர் "நம்ம பையனை அனுப்புறேன், கூட்டிட்டுப் போவான்" என்பார். மரியாதையோடு மறுத்துவிடுங்கள். "வழி மட்டும் சொல்லுங்க ஐயா, நானே போய்க்கிறேன்." அவர் ஆள் பக்கத்தில் நிற்கும்போது வாங்கும் ஒப்புதல் ஒப்புதல் இல்லை.

கீழத்தஞ்சையில் இன்னொரு வாசல் விவசாயத் தொழிலாளர் சங்கம். சங்கத்தின் வழியாகப் போனால் கூலித்தெரு உடனே திறக்கும், நிலக்காரர் தெரு அடைத்துக்கொள்ளும். கூலித்தெருவிலேயே சங்கத்தில் இல்லாதவர்களும் ஒதுங்கிக்கொள்வார்கள். போகக்கூடாது என்று சொல்லவில்லை. அறிந்து போக வேண்டும், குறிப்பேட்டில் எந்த வாசல் வழியாக வந்தோம் என்று எழுத வேண்டும்.

இப்போது அந்தக் கேள்வி. அது நேராக வருவது குறைவு. "எந்த ஊரு?", "ஊர்ல எந்தப் பக்கம்?", "குலதெய்வம் எது?", "அப்பா என்ன பண்றாங்க?" என்றுதான் வரும். மூன்று பதிலில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊர், அப்பா வேலை எல்லாம் உண்மையைச் சொல்லுங்கள். நேராகக் கேட்டால் என் நிலைப்பாடு: எல்லாத் தெருவிலும் ஒரே பதில். சொல்வதென்றால் எல்லா இடத்திலும் சொல்லுங்கள். "அதைச் சொல்லிப் பழக விரும்பல, தப்பா எடுத்துக்காதீங்க" என்றால் அதையும் எல்லா இடத்திலும். தெருவுக்குத் தெரு மாற்றினால் இரண்டே நாளில் தெரிந்துவிடும். பொய் சொல்லவே கூடாது.

சாதியைச் சொல்லாமல் விட்டாலும் மூன்று விஷயங்கள் சொல்லிவிடும். தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறீர்களா. வயதில் மூத்த தலித் பெண்ணை 'நீங்க, அம்மா' என்று கூப்பிடுகிறீர்களா. அந்த ஊரில் மற்றவர்கள் அவரைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டால் உங்கள் 'நீங்க' தெருவெல்லாம் பேசப்படும். எங்கே உட்காருகிறீர்கள். பாட்டில் தண்ணீர் கொண்டு போய், அவர்கள் நீட்டும் சொம்பை "பரவால்லம்மா, இருக்கு" என்று மறுப்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அங்கே. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் காபித்தண்ணி கேளுங்கள், கொதித்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியை உங்களுக்குப் போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தால், பேசிக்கொண்டே திண்ணைக்கு மாறுங்கள். "நான் கீழதான் உக்காருவேன்" என்று அடம்பிடித்தால் விருந்தோம்பலை மறுத்ததாகிவிடும்.

#8 தாளடி

ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். 'சொல்ல விரும்பல' என்ற பதில் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்காது. ஆதிக்கச் சாதி மாணவர் மறுத்தால் முற்போக்கு. தலித் மாணவர் மறுத்தால் "அப்ப அதுதான்" என்று முடிவு கட்டி, அடுத்த நாள் ஊர்த்தெருவில் டம்ளர் மாறும், திண்ணை வாசலாகச் சுருங்கும். சொன்னாலும் அதேதான். அதனால் இதை மாணவரின் தைரியத்தில் விடக்கூடாது. வழிகாட்டி முன்கூட்டியே பேசி, ஊர்த்தெரு நேர்காணல்களைத் தவிர்க்கும் உரிமையையும் ஊரையே மாற்றிக்கொள்ளும் உரிமையையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதனால் ஆய்வு குறையுள்ளதாகாது. யாரால் எந்தத் தெருவில் பேச முடிந்தது என்பதே ஒரு தரவு.

#9 கிழக்குத்தெரு

ஏற்கிறேன். 'எல்லா இடத்திலும் ஒரே பதில்' என்பதோடு நீங்கள் சொன்ன எழுத்துமூல உரிமையையும் சேர்த்துத்தான் மாணவருக்குக் கொடுக்க வேண்டும். தனியாக விட்டால் அது பாதிப் பேருக்கு மட்டும் பாரம்.

#10 கடலோரம்

நிறையப் பேர் வந்து கேட்டுவிட்டுப் போன ஊர்கள் பற்றி. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கொண்டு கிராமங்களைப் படிக்கத் தொடங்கினார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு உட்பட அந்தக் கிராமங்களுக்கு அதன் பிறகும் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் போய்க் கேட்டிருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25இல் 44 பேர் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிக்கு எழுத வருவோர் இன்றும் நின்றபாடில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் சர்வே எடுக்காத மீனவர் கிராமம் அரிது. இப்படிப்பட்ட இடத்தில் "எத்தனையாவது ஆளு நீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்து போங்கள்: யார் யார் வந்தார்கள், என்ன எழுதினார்கள், அதில் கிடைப்பதை மறுபடி கேட்க மாட்டேன். முந்தைய ஆய்வு ஒன்றின் சுருக்கத்தைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனால், பல ஊர்களில் தங்களைப் பற்றி எழுதப்பட்டதை அவர்கள் முதன்முதலில் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது வாக்குறுதி. "இதனால எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் "நேரடியா ஒண்ணும் கிடைக்காதும்மா" என்பதே. சங்கடத்தில் நம் வாயில் வருபவை "பார்க்கலாம்", "சொல்லிப் பார்க்குறேன்", "மேல எழுதுறேன்". இவை மூன்றும் தமிழில் பாதி வாக்குறுதி. தாலுகா ஆபீஸில் "பார்க்கலாம்" என்றால் ஏதோ நடக்கும் என்று கேட்டுப் பழகிய காதுகள் அவை. மனு எழுதிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள், 1100 உதவி எண் இரண்டையும் சொல்லி, மனுவை எழுத உட்கார்ந்து உதவலாம். கொண்டு போவது அவர்களாக இருக்கட்டும்.

காசு கொடுப்பது பற்றி நெறிக்குழு சொல்லுவார் என்று பார்த்தேன். ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பணம் வேண்டாம். ஒரு பொழுது வேலை கெட்டால் ஈடு கட்டத்தான் வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2025–26இல் தமிழ்நாட்டில் நாள்கூலி 336 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். அதற்குக் குறைந்து கொடுப்பது அவமரியாதை, பல மடங்கு கொடுத்தால் மறுக்க முடியாத நிலைக்குத் தள்ளுவது. எல்லோருக்கும் ஒரே தொகை, முதலிலேயே சொல்லிவிடுவது, இடையில் நிறுத்தினாலும் முழுத்தொகை.

#11 வன்னிக்காடு

இலங்கையின் வடக்கில் இருந்து சில குறிப்புகள், உங்கட சொற்பட்டியலோடு சேர்க்கலாம். இங்க 'பதிவு' எண்ட சொல்லைக் கவனமாகப் பாவிக்க வேணும். போருக்குப் பிறகு படையினரும் பொலிசும் வீடு வீடாகப் பதிஞ்ச நினைவு சனத்திட்ட இருக்கு. "உங்கட பேரைப் பதியலாமோ" எண்டு கேட்டால் கதை அதோட நிண்டுடும். 'விசாரணை' சொல்லவே கூடாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின்ர குடும்பங்கள் 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, பிறகு காணாமல் போனோர் அலுவலகம் எண்டு எல்லாரிட்டயும் திரும்பத் திரும்பச் சொல்லியாச்சு. கொப்பியும் ரெக்கோடரும் கொண்டு வாற ஆளை இன்னொரு ஆணைக்குழு எண்டுதான் நினைப்பினம். "நான் முடிவு சொல்லுற ஆள் இல்லை, என்னட்டச் சொல்லுறதால பிள்ளையைப் பற்றின பதில் வராது" எண்டதைத் தொடங்க முன்னமே சொல்ல வேணும். கடுமையாத்தான் இருக்கும். சொல்லாமல் விடுறது அதைவிடக் கொடுமை.

விதானையாரை (கிராம அலுவலரை) கூட்டிக்கொண்டு போனால் வீட்டுத்திட்டம் எண்டு நினைப்பினம். மலையகத்தில தோட்ட நிர்வாகத்தின்ர அனுமதியோட லயத்துக்குள்ள (தொழிலாளர் குடியிருப்புக்குள்ள) போனால் துரையின்ர, அதாவது தோட்ட மேலாளரின்ர, ஆள். யாழ்ப்பாணத்தில சாதியை நேர கேக்க மாட்டினம், "சொந்த இடம் எது?" எண்டுதான் கேப்பினம். பதிலைக் கேட்டுப்போட்டு ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதியையும் குறிப்பில எழுதுங்கோ.

#12 பாடவேளை

இரண்டு கேள்விகள் மிச்சம். நால்வரில் மூவர் பெண்கள். "தனியாவா வந்தீங்க, கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதற்குப் பாதுகாப்புக்காக "ஆயிடுச்சு" என்று சொல்லலாமா? மற்றது, தலைப்பை எவ்வளவு விரித்துச் சொல்வது? வட்டிக்காரர்களைப் பற்றியும் எழுதுவோம் என்று ஊருக்கெல்லாம் சொன்னால் பேசுகிற பெண்களுக்கே ஆபத்து.

#13 நெறிக்குழு

முதல் கேள்விக்கு: பாதுகாப்பைப் பொய்யின் மேல் கட்டாதீர்கள். ஆறு மாதம் தங்குபவர் இல்லாத கணவரை ஆறு மாதமும் காப்பாற்ற வேண்டும். அந்தப் பெண்கள் தங்கள் வீட்டு நிலவரத்தை மனம்விட்டுச் சொல்லும்போது நம் பக்கம் பொய் இருக்கும். "இன்னும் இல்லம்மா, படிப்பு முடியட்டும். வீட்டுக்குத் தெரியும், தினமும் போன் பண்ணுவாங்க" என்பது உண்மை, தனி ஆள் இல்லை என்றும் உணர்த்தும். பாதுகாப்புக்கு வேறு ஏற்பாடு: தினமும் குறித்த நேரத்தில் துறைக்குச் செய்தி, வராவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அழைப்பு, தங்கும் அறை எது என்று ஊரில் இரண்டு பேருக்கு மேல் தெரியாமல் வைப்பது, காவல் நிலையத்தில் துறைத் தலைவரின் கடித நகலைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குவது. அது அனுமதிச் சீட்டு இல்லை. ஊரில் அதை எடுத்துக் காட்டக்கூடாது, காட்டினால் மாணவி போலீஸ் ஆளாகிவிடுவார்.

இரண்டாவது கேள்விக்கு: அகலமாகச் சொல்வது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. "குடும்பச் செலவும் கடனும்" என்பது அகலமானது, உண்மை. "பயிர் வகைகளைப் பற்றி எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு வட்டியைக் கேட்பது ஏமாற்று. சோதனை இதுதான்: நாளைக்கு ஆய்வேட்டின் தலைப்பை அந்த அம்மாவின் பேத்தி படித்துச் சொன்னால், "இதைத்தானே அன்னைக்கே சொன்னாங்க" என்று அவர் சொல்வாரா? அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990களில் நீரிழிவு ஆய்வு என்று நம்பி இரத்தம் கொடுத்தார்கள். அந்த மாதிரிகளை மனநோய், இனத்தோற்றம் பற்றிய ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டது பிறகு தெரிந்தது. வழக்கு 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் ஆய்வாளர்களுக்குத் தாங்களே நெறிமுறை எழுதியதும் இப்படிப்பட்ட கசப்பிலிருந்துதான். கேட்கும் விஷயம் இடையில் மாறினால் அறிமுகத்தையும் திரும்பச் செய்ய வேண்டும்.

பெயர் மறைப்பதைப் பற்றியும் முதலிலேயே சரியாகச் சொல்லுங்கள். "யாருக்கும் தெரியாது" என்பது நடக்காத காரியம். ஊர்ப் பெயரை மாற்றினாலும் ஆறு, கோயில், ரைஸ்மில், தாலுகா நான்கையும் எழுதினால் பக்கத்து ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

#14 பாடவேளை

எல்லோர் சொன்னதையும் வைத்துத் தாளை மாற்றியிருக்கிறேன். பேசும்போது இப்படி:

"வணக்கம்மா. நான் யுனிவர்சிட்டியில பி.எச்டி படிக்கிறேன். வயல் வேலைக்குப் போற பொம்பளைங்க குடும்பச் செலவை எப்படிப் பாக்குறாங்க, கடன் எங்க வாங்குறாங்க, எப்படிக் கட்டுறாங்கன்னு கேட்டு எழுதுறதுதான் என் படிப்பு. கவர்மென்ட், பேங்க், குழு லோன், கட்சி எங்கேருந்தும் வரல. இதனால உங்களுக்கு நேரடியா ஒண்ணும் கிடைக்காது, யாருக்கும் எதுவும் நிக்காது. பேச இஷ்டம் இல்லைன்னா வேணாம்னு சொல்லலாம், பாதியில நிறுத்தலாம். உங்க பேரும் ஊர்ப் பேரும் எழுத மாட்டேன், ஆனா உங்கள நல்லாத் தெரிஞ்சவங்க படிச்சா இது நீங்கதான்னு நினைக்கலாம், அதையும் சொல்லிடுறேன். இந்தத் தாளை வெச்சுக்குங்க, வீட்டுல படிச்சுப் பாருங்க. நாளைக்கு மறுநாள் வந்து கேக்குறேன்."

#15 வண்டல்

நன்றாக வந்திருக்கிறது. மூன்று திருத்தம். 'யாருக்கும் எதுவும் நிக்காது' என்பது நீங்கள் கொடுக்க முடியாத உத்தரவாதம். உரிமைத் தொகை வேறு காரணத்தால் நின்றாலும் உங்கள் மேல் வரும். "நீங்க சொல்றத எந்த ஆபீஸ்லயும் குடுக்க மாட்டேன்" என்று மாற்றுங்கள், அது உங்கள் கையில் இருப்பது. இரண்டாவது, 'நாளைக்கு மறுநாள்' வேலை நாளாக இருந்தால் காலையில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். "மூணு மணிக்கு மேல வர்றேன்" என்று நேரத்தோடு சொல்லுங்கள்.

மூன்றாவது, முடிவுத் தேதி இல்லை. "ஆவணி வரைக்கும் வருவேன், அப்புறம் போயிடுவேன்" என்ற வரியைச் சேருங்கள். ஆறு மாதம் தினமும் வந்து உட்கார்ந்து கேட்டவர் ஒரு நாள் நின்றுவிட்டால், என்ன எழுதிக்கொண்டு போனார் என்ற சந்தேகம் அவரோடு அதிகம் பேசிய பெண்களின் தலையில்தான் விழும். மாசியில் சொன்னதை ஆடி கடைசியில் தெருத்தெருவாகப் போய்த் திரும்பச் சொல்ல வேண்டும், முதல் நாள் சந்தித்த அதே வரிசையில்.